திமிங்கிலக் கப்பலின் பதிவேடு

இது கனவல்ல. பட்டப்பகலில், சுவிஸின் பாசல் நகரில், நான் வேலை செய்துகொண்டிருந்தபோது நடந்தது. என்னோடு வேலை செய்த சிறில் அண்ணையும் பார்த்தார். இன்றுவரை அவர் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

பழைய ஆவணங்களைப் படம் எடுத்துக் கணினியில் ஏற்றும் சிறிய நிறுவனம் அது. என் வேலை நிரந்தரமாக இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை என் மேசைக்கு வந்தது, 1850களில் திமிங்கில வேட்டைக்குப் போன ஒரு கப்பலின் பதிவேடு. யாரோ ஒருவர் வீட்டில் வைத்திருந்த புத்தகம். கப்பலின் முதல் அதிகாரி தினமும் எழுதியது. காற்று, திசை, கடல்நிலை. கொன்ற ஒவ்வொரு திமிங்கிலத்துக்கும் திமிங்கில வடிவில் ஒரு முத்திரை. அந்த முத்திரையின் வயிற்றுக்குள், உருக்கிய எண்ணெய் எத்தனை பீப்பாய் என்ற எண்.

பகல் 2.10. பக்கம் 61. கையுறையில் ஏதோ பிசுபிசுத்தது. மஞ்சள் கொழுப்பு. புதுக் கையுறை மாற்றினேன். அடுத்த பக்கத்தைத் தொட்டதும் அதுவும் ஊறிவிட்டது. நூற்றெழுபது வருடப் பழைய தாள்... இளஞ்சூடாக இருந்தது.

2.17. கருகிய கொழுப்பு மணம். நாக்கில் படலமாக ஒட்டியது. பல்லைத் தடவினால் வழுக்கியது.

பெட்டிகள் இறக்க வந்த சிறில் அண்ணை வாசலில் நின்றார்.

“அண்ணை, உங்களுக்கும் மணக்குதோ?”

“ஓம். ஆரோ பண்டி இறைச்சியைக் கருக விட்டிட்டினம்.”

“இஞ்ச சமைக்கிற இடமே இல்லையே?”

அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் மேசைக்குக் கிட்ட வந்தார்.

எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் புத்தகம் பாழானால் பழி என் தலையில். ஒரு பக்கம்... இன்னும் ஒரு பக்கம்...

2.26. களக்... களக்... கொதிக்கும் சத்தம். தாளுக்குள்ளிருந்து.

மடிப்பில் கொழுப்பு ஊறி வந்தது. அதில் ஒரு மயிர். பொன்னிறம். மனித மயிர்.

வலது கையால் வாயைப் பொத்தினேன். கையுறைக் கொழுப்பு உதட்டில்...

கிளிக்.

நான் கமெராப் பொத்தானை அழுத்தவில்லை.

திரையில் படம். இடது ஓரத்தில் என் கை. வலது ஓரத்தில்...

இன்னொரு கை.

தோல் வெந்து, விரல்களில் இருந்து கழன்று தொங்கியது. நகமில்லை. பேனா பிடித்திருந்தது.

“பிள்ளை, எழும்பு.” அண்ணை என் தோளைப் பிடித்து இழுத்தார். “வெளியால வா. திரும்பிப் பாராத.”

வாசலிலேயே வாந்தி எடுத்தேன். எண்ணெயாக வந்தது.

அன்றே வேலையை விட்டேன்.

மூன்று கிழமை கழித்து, புத்தகத்தின் சொந்தக்காரர் ஒரு பழைய கடிதத்தின் பிரதியை எனக்கு அனுப்பினார். அந்தக் கப்பலின் கப்டன் வீட்டுக்கு எழுதியது. திமிங்கிலக் கொழுப்பு உருக்கும் கொப்பரைக்குள் முதல் அதிகாரி விழுந்து இறந்தாராம். எண்ணெயைக் கொட்ட யாருக்கும் மனம் வரவில்லையாம். மறுநாள் காலை பீப்பாய்களில் அடைத்தார்களாம்.

அந்த மறுநாளுக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. பதினாறு பீப்பாய் என்று எழுதியிருக்கிறது.

இறந்துபோன முதல் அதிகாரியின் கையெழுத்தில்.