விழாத புளியமரம்

சித்தூரிலிருந்து திருப்பதி போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் ஒரு புளியமரம் நிற்கிறது. பஸ் அங்கேதான் நிற்கும். கீழே ஒரு டீக்கடை. மதிய வேளையில் ஆட்டோக்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டு அதன் அடியில் தூங்குவார்கள். ஊருக்கெல்லாம் அது நிழல், எனக்கு எதிரி. மரத்தைப் போய் யாராவது எதிரி என்பார்களா என்று என் மனைவி கேட்பாள். அது எனக்குச் செய்ததை ஒரு மனிதன் செய்திருந்தால் இத்தனை நாளில் ஸ்டேஷன் வரைக்கும் போயிருப்பேன்.

மரவேலை செய்கிற கோஷ்டி ஒன்றில் பல வருஷம் இருந்தவன் நான். மரவேலை என்றால் மேஜை நாற்காலி செய்வது இல்லை. கல்யாண மண்டபத்துக் கூரைமேல் சாய்ந்த கிளையைக் கழிப்பது, கரண்ட் கம்பியில் உரசுகிற கொம்பை இறக்குவது, பட்டுப்போன தென்னையைக் கீழே இருக்கிற வீடு உடையாமல் துண்டு துண்டாக இறக்குவது. திருப்பதியில் நாங்கள் கை வைக்காத காலனி குறைவு. மேஸ்திரி தெலுங்குக்காரர், வேலை பிடித்துத் தருவார். மேலே ஏறுபவன் என் மனைவியின் தம்பி, என் மச்சான். கீழே கயிறு பார்ப்பவன் நான்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஏறுபவன் கயிற்றைத் தானாகத் தரையிலிருந்து எடுக்கமாட்டான். கீழே நிற்பவன் மரத்தை ஒரு சுற்று சுற்றி வருவான், கத்தியின் முதுகால் அடிமரத்தைத் தட்டிப் பார்ப்பான், அதற்கப்புறம் கயிற்றை எடுத்து ஏறுபவன் கையில் கொடுப்பான். கொடுக்கவில்லை என்றால் அன்றைக்கு ஏற்றம் கிடையாது. ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். குளவிக்கூடு தெரிந்து கொடுக்காமல் இருந்திருக்கிறேன். மச்சானே முந்தின நாள் போட்டது இறங்காமல் வந்து நின்றபோது கொடுக்காமல் இருந்திருக்கிறேன். அவன் சிரித்துக்கொண்டே போய் டீ குடித்தான்.

ஆனால் அதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற காரணம்.

திருப்பதியில் ஒரு கல்லூரி வளாகத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று, காற்றே இல்லாத மத்தியானத்தில் சாய்ந்தது. அள்ளிப்போட எங்களைக் கூப்பிட்டார்கள். மரம் முழுக்கப் பச்சை இலை, பூ வேறு. வேரைப் பார்த்தால் வேர் இருந்த இடத்தில் டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி ஏதோ இருந்தது, விரலால் அழுத்தினால் உள்ளே போனது. அடிமரத்தில், தரையை ஒட்டி, தட்டு தட்டாகக் காளான். மேலே வார்னிஷ் அடித்ததுபோல் சிவந்த பழுப்பு, ஓரம் வெள்ளை, சுற்றிலும் காப்பித்தூள் தூவினதுபோல் ஒரு பொடி. குடைக்காளான்போல் ஒரே நாளில் வாடுகிறது இல்லை இது, கட்டை மாதிரி கெட்டி. அன்றைக்கு எனக்குப் புத்தியில் ஏறியது இதுதான்: மரத்தின் தலையைப் பார்த்து எதுவும் சொல்லக்கூடாது, காலைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். அதன்பிறகு எந்த மரத்துக்குப் போனாலும் முதலில் குனிந்தேன். வெட்டி முடித்த அடிக்கட்டைகளை எல்லாம் கிண்டிப் பார்த்தேன். அந்தத் தட்டு வெளியே தெரிகிறதென்றால் உள்ளே வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்தப் புளியமரத்தின் கிளை மாங்காய் லாரிகளில் இடிக்கிறது என்று கிளை கழிக்க அனுமதி வாங்கி எங்களைக் கூப்பிட்டார்கள். சீசன் நேரம். மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகிற லாரிகள் வரிசையாக நின்றன. போலீஸ்காரர் ஒருவர் ஒருபக்கம் வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார். நான் மரத்தைச் சுற்றினேன். அடிமரத்தில் சாலையைப் பார்க்காத பக்கம், டீக்கடைக்கு மறைப்பாகத் தொங்கிய சாக்குக்குப் பின்னால், அந்தத் தட்டு இருந்தது. ஒன்றல்ல, அடுக்காக. டீக்கடை அம்மா அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார். நாகம் படம் எடுத்ததுபோல் இருக்கிறதாம், அம்மன் தானாக வந்திருக்கிறாளாம். தினமும் காலையில் ஒரு சொம்பு தண்ணீர் வேறு அதன்மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். அழுகலுக்கு அபிஷேகம் செய்கிற ஊர் இது ஒன்றுதான் இருக்கும். தட்டினேன். ஒரு பக்கம் கட்டையாகக் கேட்டது, மறுபக்கம் காலி டின்னாகக் கேட்டது.

நான் கயிறு கொடுக்கவில்லை.

மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார். "பாகானே உந்தி கதப்பா" என்றார், நன்றாகத்தானே இருக்கிறது என்று. நான் குனிந்து காட்டினேன். புட்டகொடுகுக்கு, அதாவது காளானுக்கு, பயந்தவனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று அவர் தெலுங்கில் உரக்கச் சொன்னதும் லாரி டிரைவர்கள் வரைக்கும் சிரித்தார்கள். சிரிப்புகூடப் பரவாயில்லை. மச்சான் சிரிக்கவில்லை. பெல்ட்டு கட்டிக்கொண்டு, கையை நீட்டினபடியே நின்றிருந்தான். அத்தனை பேர் பார்க்க நீட்டின கை.

"என்மேல நம்பிக்கை இல்லியா மாமா?" என்றான்.

உன்மேல் இருக்கிறது, மரத்தின்மேல் இல்லை என்றேன். அவன் காதில் அது விழவில்லை. தன் கைக்குக் கயிறு வரவில்லை என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது. மேஸ்திரி கயிற்றை எடுத்து அவனிடம் கொடுத்தார். அவன் ஏறினான்.

வெயில் சாயும்வரை வேலை நடந்தது. அவனைப்போல் கிளை இறக்க இந்த ஜில்லாவில் ஆள் இல்லை, அதை இப்போதும் சொல்வேன். ஒவ்வொரு கிளையும் கயிற்றில் தொங்கி, அலுங்காமல் இறங்கியது. நான் சாலையோரம் நின்று ஒவ்வொரு வெட்டுக்கும் அடிமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மரம் அசையவில்லை. ஒரு விரிசல் சத்தம்கூட இல்லை. இறங்கி வந்தவன் நேராக என்னிடம் வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு புளியம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தான்.

"துன்னு மாமா" என்றான்.

அதுதான் அவன் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சாக வெகுகாலம் இருந்தது.

எனக்குக் காளான் என்று பெயர் வைத்தார்கள். அதைப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்கமுடியாதது வேறு. அந்தக் கதை ஏறுகிறவர்களிடையே போகவேண்டிய இடத்துக்கெல்லாம் போனது. வேறு கோஷ்டியில் சேரலாம் என்று ரேணிகுண்டா வரைக்கும் போனேன். ஆள் வேண்டும் என்றவர்கள், நான் யார் என்று தெரிந்ததும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். கயிறு கொடுக்காதவன் கையிலிருந்து எவன் கயிறு வாங்குவான்? இப்போது ஒரு நர்சரியில் தொட்டிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். முழங்கால் உயரச் செடிகள். விழுந்தாலும் யாருக்கும் அடிபடாது.

மச்சான் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினான். என் பெண் பெரியவளானபோது தாய்மாமன் சீர் அவன் அம்மா கையில்தான் வந்தது. என் மனைவி அன்றைக்குச் சமையல்கட்டில் அழுதுவிட்டு, ஒரு கயிற்றைக் கொடுத்திருந்தால் என்ன கொள்ளை போயிருக்கும் என்று என்னைக் கேட்டாள். பதில் சொல்ல அந்த மரம்தான் விழவேண்டும், அது விழவில்லை.

ஆமாம், அது விழவேண்டும் என்று நினைத்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது? காற்று எழுந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு வருவேன். ஒரு வருஷம் மழைக்காலத்தில் பேய்க்காற்று அடித்தது. காலையில் ஓடினேன். அந்தச் சாலையில் குத்துக்கல்லாக நின்ற வேப்பமரம் ஒன்று, நோய் நொடி இல்லாதது, வேரோடு கிடந்தது. என் புளியமரம் கீழே நாலு இலையைப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தது. டீக்கடை அம்மா, அம்மன் காப்பாற்றினாள் என்று எனக்கே டீ கொடுத்தார். குடித்தேன். வாய் கசந்தது.

காளானுக்கு அவசரமே கிடையாது, அது எனக்குத் தெரியும். இருக்கிற ஒரு பக்கத்து வேரில் ஒரு மரம் வருஷக்கணக்கில் நிற்கும். ஆனால் நான் சொன்னது சரி என்று அது நின்றுகொண்டே எப்படிச் சாட்சி சொல்லும்? நிற்க நிற்க நான்தான் பொய்யன்.

இப்படி இருக்கும்போது என் பெண்ணுக்குத் திருப்பதியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்தது. காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்பலாம். பஸ் எங்கே ஏறுகிறாய் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஒருநாள் நர்சரிக்குப் போகிற வழியில் பார்த்தேன். டீக்கடைச் சாக்குக்குப் பக்கத்தில், டின்னாகக் கேட்ட அந்தப் பக்கத்தில், அடிமரத்தில் முதுகைச் சாய்த்து நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சைக்கிளை அப்படியே நிறுத்தினேன். இத்தனை வருஷம் விழு விழு என்று அந்த மரத்தை வேண்டினவன் நான்.

எதிர்ப்பக்கம் வெயிலில் நில் என்று சொன்னேன். அங்கே நின்றால் டிரைவர் நிறுத்தமாட்டான் நைனா என்றாள். வேறு ஸ்டாப்புக்கு நடக்கச் சொன்னேன். ஊரே நிற்கிறது, எனக்கு மட்டும் என்ன என்று சிரித்தாள். அவள் மாமன் ஏறி இறங்கின மரம், அவளுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. அன்றைக்குக் கிளை கழிக்க அனுமதி கொடுத்த ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன். பச்சையாக இருக்கிற மரத்தை வெட்ட முடியாது என்றார்கள். ஆளைத் தூக்கி நிறுத்துகிற மிஷின் வண்டி வைத்து இறக்கலாமே என்று மேஸ்திரியிடம் கேட்டேன். யார் ஆர்டர் கொடுப்பார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். குங்குமம் வைத்த மரத்தைத் தொட அவருக்கும் இப்போது மனசில்லை.

கடைசியில் மச்சான் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து ரம்பச் செயினுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெண் எங்கே நிற்கிறாள் என்றதும் அவன் அரம் நின்றது.

"என் அக்கா பொண்ணு நிக்கிற எடம்" என்றான். "ஆர்டரும் வாணாம், ஒண்ணும் வாணாம். ஞாயித்துக்கெழம ஏறி, தலையிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா எறக்கிக்கினு வந்துர்றேன். ஆனா கயிறு நீதான் குடுக்கணும் மாமா."

அவன் என்ன கேட்டான் என்று எனக்குப் புரிந்தது. அத்தனை பேர் முன்னால் நீட்டிய கையை இன்னும் அப்படியே வைத்திருந்தான். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் என் மனைவிக்குத் தம்பி திரும்பக் கிடைப்பான், என் பெண்ணுக்கு மாமன் கிடைப்பான், மரமும் போய்விடும். என் வீம்பை விழுங்கச் சொல்லியிருந்தால் அங்கேயே விழுங்கியிருப்பேன். ஆனால் அன்று காலையில்தான் நான் குனிந்து பார்த்துவிட்டு வந்திருந்தேன். தட்டுகள் இப்போது சாலைப் பக்கமும் வந்துவிட்டன. குத்திப் பார்த்தால் கத்தி பிடிவரைக்கும் உள்ளே போனது.

"முடியாது மச்சான்" என்றேன். "அதுல ஆள் ஏறக்கூடாது. நீ ஏறக்கூடாது."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"நான் ஏறக்கூடாத மரத்துக்கு அடியிலதான் நீ பெத்தது தெனம் நிக்கிது" என்றான். மறுபடி அரத்தை எடுத்துக்கொண்டான். நான் போகும்வரை தலையைத் தூக்கவில்லை.

நர்சரிக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டேன். இப்போது காலையில் என் பெண்ணோடு நானும் போய் அந்த மரத்தடியில் நிற்கிறேன். அவளுக்கு என்னால் மானம் போகிறது. அடிமரத்துக்கும் அவளுக்கும் நடுவில் நிற்கிறேன், அதனால் என்ன ஆகிவிடும் என்று எனக்கே தெரியவில்லை. காற்று வந்தால் அண்ணாந்து பார்க்கிறேன். நான் சொன்னது பொய்யாகவே போகட்டும், நீ நில், நில் என்று அதனிடமே கெஞ்சுகிறேன். பஸ் வந்ததும் அவள் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போகிறாள்.