புரை விடுபட்ட படிவம்

என் சித்தப்பா வாழ்நாளில் இரண்டு வியாதிகளை முழுசாக அனுபவித்தவர். முதலாவது வறுமை, நாற்பத்திரண்டு வயது வரை. இரண்டாவது சந்தேகம், அதற்குப் பிறகு. நடுவில் ஒரு வாரம் நிம்மதியாக இருந்திருப்பார் என்று நினைக்கிறேன், புது வீட்டுக்குச் சாமான் ஏற்றிய வாரம். அப்போதும் லாரிக்காரர்மேல் ஒரு கண் வைத்திருந்ததாகச் சித்தி சொல்கிறாள்.

அவருக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. பாடப்புத்தகம், திருமண அழைப்பிதழ், மருந்துப் பெட்டி அட்டை, எது வந்தாலும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து லகரமா ளகரமா என்று பார்க்க வேண்டும். அடுத்தவர் பிழை விட்டால்தான் இவருக்குப் பிழைப்பு. அச்சகத்தில் இவருக்கு ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை, அதனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வறுமைக் காலத்தில் அச்சகத்துக்குப் பின்னால் ஒரே அறை. அடுப்பு, கட்டில், துணிக்கொடி எல்லாம் அதற்குள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு குடை. கதவில் தாழ்ப்பாள் சரியாக விழாது. யார் வேண்டுமானாலும் வருவார்கள், உட்கார இடமில்லாததால் நின்றபடியே பேசிச் சிரித்துவிட்டுப் போவார்கள். ‘ஆகா, ஏழ்மையிலும் என்ன நிறைவு!’ என்று உருகத் தயாராகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். ஏழ்மையைப் பார்த்து உருகுகிறவர்கள் பெரும்பாலும் மதியம் வயிறாரச் சாப்பிட்டவர்கள். அந்த அறையின் ஈரத்தில்தான் சித்திக்கு இருமல் வந்தது, இன்றுவரை போகவில்லை. வைத்தியம் பார்க்க வழியில்லாமல் சித்தப்பா நான்கு பற்களை ஒவ்வொன்றாகப் பறிகொடுத்தார்.

வறுமை அவருக்கு ஒரு பழக்கத்தையும் கொடுத்தது. எது நடந்தாலும் தன் தப்பு. மெஷின்காரர் தாளைத் தலைகீழாகப் போட்டு அச்சடித்தால், “என் தப்புதான் சார், நான் பாத்திருக்கணும்” என்பார். பஸ் நிற்காமல் போனால், தான் நின்ற இடம் தப்பு. அடுத்தவர்மேல் கோபப்படக்கூட அவருக்குக் கட்டுப்படியாகவில்லை.

பிறகு பாடப்புத்தக வேலை நிரந்தரமாயிற்று. மூன்றாவது மாடியில் இரண்டறை வீடு, கதவில் நல்ல பூட்டு. அந்தப் பூட்டைப் பார்த்த பிறகுதான் திருடன் என்று ஒருவன் உலகத்தில் இருப்பதே அவருக்கு ஞாபகம் வந்தது. உடனே இரண்டாவது பூட்டு, அப்புறம் ஒரு சங்கிலி. பக்கத்து வீட்டுக்காரர் “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டால், உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, “அவன் எதுக்கு அதைக் கேட்டான்?” என்பார். நான் போனாலும் இதே கதைதான்.

“என்னம்மா விஷயம்?”

“சும்மாதான் சித்தப்பா.”

“சும்மா யாரு வருவா?”

சர்க்கரை டப்பாவின் வெளியே பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார், யாராவது எடுத்தால் தெரியும் என்று. நான் போகிற நாளெல்லாம் காப்பியில் ஒரு ஸ்பூன் கூடவே போட்டுக்கொள்வேன். அவ்வளவு மெனக்கெட்டுக் கோடு போட்ட மனிதர் ஏமாந்துபோகக் கூடாதில்லையா?

முன்பு எல்லாமே அவர் தப்பு. இப்போது உலகத்தில் தப்பு என்றே ஒன்றில்லை, எல்லாம் சதி. யோசித்துப் பார்த்தால் இது ஒரு பதவி உயர்வு. வறுமையில் யாரும் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. சந்தேகத்திலோ தபால்காரர் முதல் தண்ணீர்க் கேன் போடுகிறவர் வரை ஊரே வேலைவெட்டியை விட்டுவிட்டு இவரைத்தான் கண்காணித்தது. இரண்டில் எது தேவலை என்று என்னைக் கேட்டால், வறுமையில் சித்திக்குப் பேச்சுத்துணைக்கு ஒரு புருஷன் இருந்தார் என்பேன். வெளியே போகும்போது அலமாரிக் கதவிடுக்கில் ஒரு நூலைச் செருகிவிட்டுப் போவார். ஒரு நாள் திரும்பி வந்தபோது நூல் கீழே கிடந்தது. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு நாள் அவர் சித்தியோடு பேசவில்லை. ஃபேனோடு பேசினாரா என்று தெரியாது.

இந்த நிலையில் கண்ணில் புரை விழுந்தது, இரண்டு கண்ணிலும். வலது கண்ணுக்கு ஆபரேஷன் செய்யச் சொன்ன டாக்டரை, “காசுக்காகச் சொல்றான்” என்றார். காசு வாங்காத கண் ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது என்றேன். “காசு வாங்காம எதுக்குச் செய்யறான்?” என்றார். வாங்கினாலும் குற்றம், வாங்காவிட்டாலும் குற்றம் என்று மூன்று வருஷம் வாதாடி ஜெயித்தார். புரை முற்றி, நரம்பு கெட்டு, வலது கண் போயே போய்விட்டது.

மிச்சம் இருந்தது இடது கண். அதிலும் ஆள் நிழலாட்டமாகத்தான் தெரிந்தது; மூக்கருகே பிடித்து, கூடவே வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை வைத்தால் எழுத்து மட்டும் தேறும். இந்த மாதம் விட்டால் இதுவும் அதே வழிதான் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சலெல்லாம் அன்றைக்குப் பயமாக மாறியது. கண் போன பிறகு இந்த மனிதர் யாரைத்தான் நம்பி ஒரு அடி எடுத்து வைப்பார்? சித்தி வாழ்க்கையில் முதல்முறையாக அவரிடம் சத்தம் போட்டாள். காசு வாங்காத அந்த ஆஸ்பத்திரிக்கு மூவரும் போனோம்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் கட்டட வேலை செய்கிற ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். கையிலும் நகக்கண்ணிலும் சிமெண்ட். நர்ஸ் எந்தக் கண் என்று மட்டும் பேனாவால் நிரப்பி, எல்லோருக்கும் சம்மதப் படிவம் கொடுத்துக்கொண்டே வந்தார். சித்தப்பாவுடையதை நான் உரக்கப் படித்தேன்: “என் இடது கண்புரை அகற்றும் அறுவை சிகிச்சைக்கு முழு மனதுடன் சம்மதிக்கிறேன்.”

“குடு அதை,” என்றார். ஜன்னலோரம் போய், தாளை மூக்கில் ஒட்டாத குறையாகப் பிடித்து, பூதக்கண்ணாடியை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினார். அப்புறம் திரும்பினார்.

“புரை எங்க?”

“எது சித்தப்பா?”

“புரையைக் காணோம். ‘என் இடது கண் அகற்றும் அறுவை சிகிச்சை’ன்னு போட்டிருக்கு.”

வாங்கிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. இரண்டு கண்ணும் பழுதில்லாத நான், இல்லாத எழுத்தைச் சேர்த்து அழகாகப் படித்திருக்கிறேன். நர்ஸ் ஒருமுறை படித்தார், தெரியவில்லை. மறுபடி படித்தார், முகம் வெளுத்தது. “ஐயோ, டைப்பிங் மிஸ்டேக் சார்!” என்றார்.

தொலைந்தது என்று நினைத்தேன். இருபது வருஷமாகத் தேடிய சதி ஒருவழியாக முத்திரை குத்தி, கையெழுத்துக்கு இடம் விட்டு, கைக்கே வந்து சேர்ந்துவிட்டது. சித்தி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “போயிடலாமா?” என்றாள். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை.

கட்டட வேலை அம்மா இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். “கண்ணையே எடுக்கறதா எழுதியிருக்காம்மா?” என்று என்னிடம் கேட்டார். “எடுத்தா எடுக்கட்டும். இப்ப மட்டும் இது என்னத்தைக் காட்டுது? எழுதினதைப் பாத்துப் பயந்து வீட்டுக்குப் போனா, நாளைக்கு வேலைக்கு யாரு போறது?” என்றபடி மையில் விரலைத் தேய்த்து, படிவத்தில் அழுத்திவிட்டு உள்ளே போனார். சந்தேகப்படவும் கொஞ்சம் வசதி வேண்டியிருக்கிறது.

சித்தப்பா நர்ஸ் பக்கம் திரும்பினார். “இதுல எத்தனை பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க?”

“ஆயிரத்துக்கு மேல இருக்கும் சார்.”

“எத்தனை பேரு கண்ணை எடுத்தீங்க?”

“ஒருத்தர்து கூட எடுக்கல சார். நாங்க எதுக்கு…” நர்ஸுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் மறுபடி தாளைத் தூக்கினார். அவர் உதடு அசைந்தது. கடைசியில் பேசியது எங்கள் வீட்டுச் சந்தேகக்காரர் இல்லை, பிழை திருத்துபவர்.

“தலைப்புல கண்புரைன்னு சரியா இருக்கு. கீழயும் ரெண்டு இடத்துல இருக்கு. இங்க மட்டும் விட்டுப்போயிருக்கு. ‘கண்’ணுன்னு அடிச்சிருக்கான், யாரோ கூப்பிட்டிருக்காங்க, எழுந்து போயிட்டு வந்து ‘அகற்றும்’னு அடிச்சிருக்கான். திட்டம் போட்டுச் செய்யறவன் நாலு இடத்துலயும் ஒரே மாதிரி செய்வான்.” தாளைத் தட்டினார். “இது சதி இல்ல. சாதாரணப் பிழை. பேனா குடும்மா.”

நர்ஸ் பேனா கொடுத்தார். அவர் ‘கண்’ணுக்கும் ‘அகற்று’க்கும் நடுவில் கீழிருந்து ஒரு கூம்புக் குறி போட்டு, மேலே ‘புரை’ என்று எழுதினார். அதோடு விடுவாரா? மேஜைமேல் இருந்த கட்டு முழுவதையும் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு தாளாக மூக்கருகே பிடித்து, குறி போட்டு, ‘புரை’ போட்டு, கட்டை முடிப்பதற்குள் இவருக்குப் பின்னால் வந்த ஆறு பேர் உள்ளே போய்விட்டார்கள். கடைசியாகத் தன் தாளில் கையெழுத்துப் போட்டார். தான் திருத்திய தாளை நம்பாவிட்டால் அப்புறம் எதை நம்புவது?

மறுநாள் காலை ஆபரேஷன் செய்த கண்ணின் கட்டைப் பிரித்தார்கள். சித்தப்பா கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி ஜன்னலைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்து, “இளைச்சுட்டியே” என்றார். அப்புறம் சித்தியைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

“எப்ப இவ்வளவு நரைச்சுது உனக்கு?”

“எங்கயும் போய் நரைச்சுட்டு வரல. உங்க முன்னாடிதான் நரைச்சேன்.”

“நான் பாக்கவே இல்லையே.”

“பாத்தீங்க,” என்றாள் சித்தி. “நான் எதையாவது எடுத்துட்டுப் போறேனான்னு மட்டும் பாத்தீங்க.”