காதால் கேட்ட வாக்கியம்

தெருவில் அவருக்கு அகராதி என்று பெயர். ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் அகராதி தயாரிக்கும் அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்ப்பதால் வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தெருக்காரர்கள் அதற்காக மட்டும் வைக்கவில்லை. கொட்டாவி விட்டுக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னால்கூட அதில் ஒரு பிழை கண்டுபிடித்துத் திருத்துகிற மனுஷனை வேறு எப்படிக் கூப்பிடுவது?

இதில் வேடிக்கை என்னவென்றால், அலுவலகத்தில் அவர் வேலையே ஜனங்கள் பேசுவதை அப்படியே எழுதிக்கொள்வதுதான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எத்தனை தமிழ்ச் சொற்கள் பொருந்துகின்றனவோ அத்தனை அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஓர் உதாரண வாக்கியம். அந்த வாக்கியத்தை உட்கார்ந்து ஜோடிக்கக் கூடாது, காதால் கேட்டிருக்க வேண்டும். சொன்னது யார், எந்த இடம், அவருடைய போன் நம்பர் எல்லாம் அட்டையில் இருக்க வேண்டும். சரிபார்ப்பு மேஜையில் ஓர் அம்மாள் இருக்கிறார். சொன்னவரைக் கூப்பிட்டு, "இப்படிச் சொன்னீங்களா?" என்று கேட்டுத்தான் டிக் போடுவார்.

அந்த மாதம் அகராதிக்கு வந்த சொல் 'அகெய்ன்'. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொல்தானே என்று அலட்சியமாக வாங்கிக்கொண்டார். தமிழில் அது ஆறு அட்டையாக விரிந்தது.

முதல் மூன்றும் ஓடி வந்து விழுந்தன. பஸ் கண்டக்டர் அவரிடமே சொன்னார்: "இன்னொரு தடவ சொல்றேன், படியில நிக்காதீங்க." மருந்துக் கடைக்காரர் சொன்னார்: "திரும்பத் திரும்ப தூக்க மாத்திரையே கேட்டா எப்படி சார், சீட்டு வேணாமா?" தண்ணீர் மோட்டாரை மூன்றாவது முறையாகப் பிரித்துப் போட்ட ரிப்பேர்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "பழைய குருடி கதவத் தெறடின்னு ஆயிடுச்சுங்க" என்றார். மாடிவீட்டு அம்மாள் தன் பங்குக்கு, "போன மாசம் வாங்கின ஏணியத் திரும்பவும் கேக்க வெக்காதீங்க" என்று ஒன்று கொடுத்தார். அகராதி ஏணியைக் கொடுத்துவிட்டு வாக்கியத்தை வாங்கிக்கொண்டார்.

'மீண்டும்' கொஞ்சம் இழுத்தடித்தது. பேச்சில் அதை யார் சொல்கிறார்கள்? ஒரு சாயங்காலம், அதற்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மகளுடைய நம்பரைப் போட்டார். "நீங்கள் அழைத்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை. எண்ணைச் சரிபார்த்து மீண்டும் அழைக்கவும்" என்றது ஒரு பெண் குரல். அட்டை நிறைந்தது. அகராதி விளக்கைப் போடாமல் நெடுநேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். மகள் நம்பரை மாற்றியிருக்கிறாள். எப்போது மாற்றினாள் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

ஆறாவது அட்டை 'மறுபடியும்'. அதன் தலையில் பதிப்பாசிரியர் பென்சிலால் குறித்திருந்தார்: பிரியும்போது சொல்வது.

அங்கேதான் வண்டி நின்றது. பிரிவதற்கு முதலில் ஒருவர் வர வேண்டும், அல்லது இவர் எங்காவது போக வேண்டும். மனைவி போனபின் அவர் வீட்டில் இரண்டாவது தட்டு கழுவப்பட்டதில்லை. பஸ் நிலையத்துக்குப் போய் இரண்டு நாள் நின்று பார்த்தார். ஜன்னலோரம் இருந்த அக்காவிடம் கீழே நின்ற தங்கை, "மறுபடியும் எப்பக்கா வருவ?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். முத்தான வாக்கியம். பஸ் கிளம்பியதும் அகராதி அட்டையும் கையுமாகப் போய், "உங்க போன் நம்பர் கிடைக்குமாம்மா?" என்றார். அவள் பார்த்த பார்வையில், அறுபது வயதில் தர்ம அடி வாங்கப்போகிறோம் என்று புரிந்து, வந்த வழியே நடையைக் கட்டினார்.

கெடுவின் கடைசி நாள், அதுவரை செய்யாத காரியத்தைச் செய்தார். அட்டையில் எழுதினார்: "அப்பா, மறுபடியும் எப்ப வருவீங்க?" சொன்னவர், மகள். இடம், மகள் வீட்டு வாசல். நம்பர், அந்தச் செத்துப்போன நம்பர். யாரும் எடுக்கப்போவதில்லை, சரிபார்ப்பு அம்மாள் சலித்துப்போய் டிக் போட்டுவிடுவார் என்று கணக்கு. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்கிற கணக்குதான்.

மறுநாள் சரிபார்ப்பு அம்மாள் அவரைக் கூப்பிட்டு, அட்டையை மேஜைமேல் வைத்தார். குறுக்கே ஒரு கோடு.

"இந்த நம்பர் போகல சார். அதனால வேற நம்பர்ல பேசினேன்."

"எது வேற நம்பர்?"

அம்மாள் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினார். "ரெண்டு வருஷம் முன்னாடி உங்க பொண்ணு ஆபீசுக்குப் போன் பண்ணிக் குடுத்தது. அப்பாவுக்கு ஏதாவது ஒண்ணுன்னா சொல்லுங்க, அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னாங்க. நானும் சொல்லல."

அகராதி அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அட்டையைப் பத்திக் கேட்டீங்களா?"

"கேட்காம? அப்படிச் சொல்லவே இல்லைன்னுட்டாங்க." அம்மாள் சீட்டைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். "போறேன்னு சொல்லிட்டுப் போயிருந்தாத்தானே, மறுபடியும் எப்ப வருவீங்கன்னு கேட்டிருக்க முடியும்னாங்க."

உண்மைதான். மனைவியின் காரியம் முடிந்ததும் மகள் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தாள். ஒரு மாதம் இருங்கள் என்றாள். அவர் இருந்தது இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் அவள் பேசியதில், மாப்பிள்ளை பேசியதில், தொலைபேசியில் அவள் சிரித்துப் பேசியதில்கூடக் குற்றம் கண்டார். "எல்லாத்தையும் திருத்தாதீங்கப்பா, பேசவே பயமா இருக்கு" என்றாள் அவள். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. விடிவதற்கு முன் பையை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்துவிட்டார். அவள் கூப்பிடட்டும் என்று இவர் இருந்தார். போனவர் பேசட்டும் என்று அவள் இருந்தாள். நாலு வருஷம் இப்படியே போயிற்று.

"மூணு நாள் டயம் குடுங்கம்மா" என்று கேட்டு, வெற்று அட்டை ஒன்றை வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டு மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறினார். கதவைத் திறந்தவள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "வாங்க" என்றாள். கூடமெல்லாம் பள்ளிக்கூடச் சட்டைகளின் காலர்கள். தைத்து நூல் கத்தரித்து, நூறு நூறாகக் கட்டிக் கொடுக்கிற வேலை. மாப்பிள்ளை ஷிப்டுக்குப் போயிருந்தார். அப்பா உட்கார இடம் பண்ணிக் கொடுத்துவிட்டு அவள் தையல் மெஷினைவிட்டு எழுந்திருக்கவில்லை. முழங்கால் வலி, தண்ணீர் வருகிற நேரம், மாடிவீட்டு ஏணி என்று ஏதோ பேசினார்கள். நடுவே அவள் ஒரு வார்த்தையை அப்பட்டமாகத் தப்பாகச் சொன்னாள். அவர் எச்சிலோடு சேர்த்து விழுங்கினார். நூல் பிசிறுகளை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்ந்ததும் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேம்மா" என்றார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பாத்துப் போங்க" என்றாள். அவ்வளவுதான். அவர் காத்திருந்தார். சட்டைப் பையில் வெற்று அட்டை இருந்தது.

"மறுபடியும் வரட்டுமா?" என்று அவர்தான் கேட்டார்.

அவள் கையிலிருந்த காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். ஒவ்வொரு மாடியிலும் நின்று இறங்கினார், முழங்காலுக்காக மட்டும் அல்ல.

பஸ்ஸில் அட்டையை நிரப்பினார். வாக்கியம்: "மறுபடியும் வரட்டுமா?" சொன்னவர், நான். கேட்டவர், மகள்.

திங்கட்கிழமை சரிபார்ப்பு அம்மாள் அதைப் படித்துவிட்டு, "நம்ம வாக்கியத்த நாமே எழுதக் கூடாதே சார்" என்றார்.

"ஜோடிக்கலம்மா. காதால கேட்டவங்க இருக்காங்க. கேட்டுப் பாருங்க."

அம்மாள் நம்பரைச் சுற்றினார். அகராதி எதிரில் உட்கார்ந்து மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துக் குரல் அவருக்குக் கேட்கவில்லை. "ம்... சரிங்க... சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அம்மாள் போனை வைத்தார்.

"கேட்டது நெசந்தானாம். பதில்தான் சொல்லலையாம்."

"ஆமா."

"இப்ப சொன்னாங்க. சனிக்கிழமை வரணுமாம். ராத்திரி தங்கணுமாம். காலையில சொல்லிட்டுத்தான் கெளம்பணுமாம்." அம்மாள் டிக் போட்டுவிட்டு அட்டையை மேலும் கீழும் பார்த்தார். "பதிலுக்கு இதுல எடமே இல்லையே சார்."

"பின்னாடி எழுதுங்கம்மா" என்றார் அகராதி.

அம்மாள் அட்டையைத் திருப்பி, சணிக்கிழமை என்று எழுதினார். அகராதி பார்த்துக்கொண்டிருந்தார், திருத்தவில்லை.