தொழுகை இல்லாத நாட்கள்

நோன்பு மாதத்தில் பெண்களுக்குத் தொழுகை இல்லாத நாட்கள் வரும். மாதவிலக்கு நாட்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அந்த நாட்களில் தொழவும் வேண்டாம், நோன்பும் பிடிக்க வேண்டாம், விட்ட நோன்பைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று படைத்தவனே விலக்குக் கொடுத்திருக்கிறான். அவன் கொடுத்ததைத் தாராவியில் ஒரு வீட்டில் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். வயதானால் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆறவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில், பத்தொன்பது வயதில், மேலப்பாளையத்திலிருந்து கல்யாணமாகிப் பம்பாய் வந்தேன். மாமனார், மாமியார், கணவர், நான் என்று நான்கு பேருக்கும் ஒரே அறை. அங்கே அதற்குக் கோலி என்று பெயர். குறுக்கே ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டால் அதுதான் சுவர். மாமா தோல் கிடங்கில் மேஸ்திரியாக இருந்தார். நோன்பு மாதத்தில் மதியத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்துவிடுவார். கண் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

அங்கே எனக்கு வந்த முதல் நோன்பில், எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, தொழுகை இல்லாமல் போனது. மாமியிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் என் வாயைப் பொத்தினார்.

“மெதுவாப் பேசு புள்ள. மாமாவுக்குத் தெரிஞ்சா எவ்வளவு அசிங்கம்! விடியுமுன்ன சஹர் சாப்பாட்டுக்கு எந்திரிச்சு எல்லாரோடயும் உக்காரு. பகல்ல பச்சத்தண்ணி வாயில படக் கூடாது, கேட்டியா?”

“அப்ப நான் எங்க வச்சு மாமி சாப்பிடுதது?”

“சாப்பிடாட்டா செத்தா போயிருவ? நான் முப்பது வருஷமா இப்படித்தான இருக்கேன்.”

எங்கள் உம்மா வீட்டிலும் அடுப்பங்கரைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிடுவோம். அதுவும் ஒளிவுதான், ஆனால் வயிறு நிறைந்துவிடுவதால் கோபம் வந்ததில்லை. இங்கே சாத்துவதற்கு ஒரு கதவுகூட இல்லை. கணவரிடம் முறையிட்டேன். பம்பாயிலேயே வளர்ந்தவர், பாதி இந்தியில்தான் பேசுவார். “சோடு நா, விட்டுத்தள்ளு, ரெண்டு மூணு நாளுதான, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். விலக்கு இருந்தும் காய்ந்தது அவர் வயிறா?

அன்று மதியம் பாங்கு சொன்னார்கள். மாமா கட்டிலில் கிடந்தார். மாமி தொழுகைப் பாயை விரித்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் தொழாவிட்டால் மாமாவுக்கு விஷயம் விளங்கிவிடுமாம். நான் அசையவில்லை. மாமி காதருகே வந்தார்.

“சும்மா குனிஞ்சு நிமிரு. ஓதாத. ஓதாட்டா பாவமில்ல.”

விலக்கு நாளில் தொழுவதே கூடாது என்றிருக்க, மார்க்கத்தில் எங்கேயும் இல்லாத ஒரு சட்டத்தை அந்த நிமிடமே அவர் போட்டுவிட்டார். நானும் போய் நின்றேன். புதுப்பெண், வேறு என்ன செய்வேன்? கையைக் கட்டினேன், குனிந்தேன், நிமிர்ந்தேன். உதடு அசைந்தது, உள்ளே ஒரு சொல் இல்லை. நெற்றி பாயில் பட்டபோது உடம்பெல்லாம் கூசியது. நான் தொழ வேண்டாத நாள் இது என்று அல்லாவுக்குத் தெரியும். தெரிந்தவன் முன்னால் நின்றுகொண்டு, கட்டிலில் கிடக்கிற ஓர் ஆளுக்காக நாடகம் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று நான் நெற்றியைத் தரையில் வைத்தது மாமாவுக்குத்தான். இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் பசி தாங்கவில்லை. ஒரு பாவ் ரொட்டியை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, தகர டப்பாவில் தண்ணீரோடு சண்டாஸ் வரிசையில் போய் நின்றேன். முப்பது நாற்பது கோலிக்கும் பொதுவான கக்கூஸ் அது. உள்ளே போய்த் தாழ் போட்டேன். ஈக்களை ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறுகையால் மூன்று வாய் கடித்தேன். அதற்குள் வெளியே எவளோ கதவைத் தட்டி, “ஜல்தி கரோ” என்று அவசரப்படுத்திக் கத்தினாள். நான்காவது வாய் தொண்டையில் நின்றுவிட்டது. அத்தனையையும் வாந்தி எடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். பகலில் சாப்பிடு என்று ஆண்டவன் தந்த அனுமதியை நான் எங்கே போய் அனுபவித்தேன், பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முடிவு செய்தேன். இனி பொய்க்குக் குனிந்து நிமிர மாட்டேன், ஒளிந்தும் தின்ன மாட்டேன். ஊருக்கு ரயிலேற்றி அனுப்பினால் அனுப்பட்டும். வாப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தப் பாயில் மறுபடி போய் நிற்பதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் முந்தைய இரவின் சோற்றில் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டு அறையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மாமி பதறிப் போனார்.

“என்னையக் கொல்லுதியா? மாமா வார நேரம்!”

“வரட்டும் மாமி.”

தட்டைப் பிடுங்கப் பார்த்தார். நான் விடவில்லை. இரண்டு பேரும் தட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போதே மாமா வாசலில் வந்து நின்றார். மாமி கையை எடுத்துக்கொண்டார். நான் தட்டை மறைக்கவில்லை.

“எனக்குத் தொழுகை இல்ல மாமா. நேத்தும் இல்ல, முந்தாநாளும் இல்ல. அன்னைக்குத் தொழுதது பொய்” என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

“சாப்பிடு தாயி. எனக்குத் தெரியாதா என்ன? வீட்டுப் பொம்பளையளு முப்பது நோன்பும் முழுசாப் பிடிச்சா அது என்னன்னு விளங்காதா? நான் என்னைக்காவது சாப்பிடக் கூடாதுன்னு சொன்னேனா?”

லேசாகச் சிரிக்கவும் செய்தார். பெரிய மனசாம்! எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமி பேசினார். அவர் மாமாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“சாப்பிடுன்னு சொன்னியளா?”

மாமா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“ஒரு நோன்புல தண்ணிக் குடத்தோட கொழாயடியில மயங்கி விழுந்தேனே, பல்லு ரெண்டு போச்சே, அன்னைக்கும் எனக்குத் தொழுகை இல்ல. அன்னைக்காவது சொன்னியளா?”

மாமா எழுந்தார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

அவர் போனதும் மாமி என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். “எல்லாம் உன்னாலதான்” என்று அழுதார். பிறகு அவரே சட்டியிலிருந்து இன்னொரு துண்டு மீனை எடுத்து என் தட்டில் போட்டார். “மிச்சம் வைக்காமத் தின்னு” என்றார்.

நான்கு நாள் கழித்துக் குளித்துவிட்டுத் தொழுதேன். முடித்துக் கையேந்தியபோது வழக்கமாகக் கேட்கிற எதுவும் வரவில்லை. எனக்கு மாமா மேல் கோபம், என் மாப்பிள்ளை மேல் கோபம் என்று சொன்னேன். உன் மேலும் கொஞ்சம் இருக்கிறது, விலக்குக் கொடுத்தாயே, உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் கொடுத்தாயா என்றும் கேட்டேன். இப்படிப் பேசலாமா என்று உதறலாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே இருப்பதை மறைத்து அவன் முன்னால் நல்ல பிள்ளையாக உட்கார என்னால் முடியவில்லை. எப்போதும் கடைசியாக, மாமாவுக்கு நீண்ட ஆயுளைக் கொடு என்று கேட்பேன். அன்று அதைக் கேட்காமலே எழுந்துகொண்டேன்.