எங்கள் அக்காவுக்கு ஒரு பெயர் இருந்தது

முதலாண்டு நினைவு நாளன்று அடுகோடி வீட்டுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சுற்றத்தாருக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய என் வணக்கம். இறந்தவரின் பெயரைச் சொல்லாமல் உறவுமுறையால் மட்டும் எழுதுவதே மரியாதை என்றார் அண்ணன். அப்படியே எழுதுகிறேன். ஆனால் முடிக்கும்போது பெயரைச் சொல்லுவேன். அதற்காகத்தான் எழுதவே ஒப்புக்கொண்டேன்.

அக்கா ஆனேக்கல்லில் பிறந்தார்கள். கிணறுகளெல்லாம் வற்றிக் கிடந்த ஆண்டு அது. அவர்கள் பிறந்த அன்று வானம் இருண்டு மழை கொட்டியதாம். தமிழ் படித்தவரான அப்பா, மேகத்துக்கு வழங்கிய பழைய சொல் ஒன்றையே மகளுக்குப் பெயராக வைத்தார்கள். சுற்றுவட்டாரத்தில் அந்தப் பெயர் வேறு யாருக்கும் இல்லை. நடுவில் ஒரு ‘ழ’ வரும். நாக்கைச் சற்று மடித்தால் போதும்.

பதினாறு வயதில் அக்காவின் தாலி போயிற்று. மூலையில் முடங்கிக் கிடக்காமல் பட்டாளம் இருந்த பெங்களூர் தண்டுக்கு வந்து, ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். அங்கிருந்த வெள்ளைக்கார டாக்டர் துரைசானிக்கு அந்த ‘ழ’ வரவில்லை. “லில்லி” என்று கூப்பிட்டார். அதுவே நிலைத்துவிட்டது. அக்கா கைபட்டுப் பிறந்த பெண் குழந்தைகளுக்கு, பெற்றவர்கள் நன்றி மறவாமல் லில்லி என்றே பெயர் வைத்தார்கள். அடுகோடியிலிருந்து பொம்மனஹள்ளி வரை எந்தத் தெருவில் நின்று லில்லி என்று கூப்பிட்டாலும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அக்காவின் சொந்தப் பெயர் மட்டும் ஒரு தொட்டிலிலும் ஏறவில்லை. கேட்டால், “அது வாயில நுழையலம்மா” என்பார்கள்.

பொய். வாழைப்பழம் நுழைகிற வாயில் இது மட்டும் நுழையாதா?

அண்ணன் மகளைத் தொட்டிலிட்ட அன்றுதான் உண்மைக் காரணம் எனக்குத் தெரிந்தது. அண்ணி பிரசவத்தில் உயிருக்குப் போராடியபோது தாயையும் பிள்ளையையும் மீட்டுக் கொடுத்தவர் அக்கா. குழந்தையின் காதில் அத்தைதான் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது நம் வழக்கம். மூத்த அத்தை அக்காதான். குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, முகமெல்லாம் ஆசையோடு தொட்டிலண்டை வந்தார்கள். பெரியம்மா வழிமறித்தார்.

“நீ உள்ள போய் இரும்மா. நல்ல காரியம் நடக்குது.”

“பெத்தெடுக்கறப்போ தொட்ட கைதானே பெரியம்மா?” என்று நான் கேட்டேன்.

“சும்னே இருடி! அது வேற. தாலியறுத்தவ வந்து புள்ள காதுல பேர் சொல்லுவாளா? அவ பேரையே ஒருத்தரும் வெக்க மாட்டாங்க.”

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சமையலறைக்குள் போய்விட்டார்கள். லில்லி என்பது ஆஸ்பத்திரி அம்மாவின் பெயர், ஆகலாம். மற்றது விதவையின் பெயர், ஆகாது. இவ்வளவுதான் சங்கதி. இதை மூடி மறைக்க அந்த ‘ழ’வின் மேல் பழியைப் போட்டார்கள்.

இளைய அத்தை என்று என்னைக் கூப்பிட்டார்கள். ‘சரோஜா’ என்று சொல்லச் சொன்னார்கள். நான் தொட்டிலில் குனிந்து அக்காவின் பெயரை மூன்று முறை சொன்னேன், சமையலறைக்குக் கேட்கும்படி. பெரியம்மா அதற்குப் பிறகு சாகும்வரை என்னோடு பேசவில்லை. எனக்கொன்றும் குறைந்துவிடவில்லை. குழந்தையை மட்டும் எல்லோரும் சரோஜா என்றே கூப்பிட்டு வளர்த்தார்கள்.

அக்கா படுக்கையில் விழுந்த கடைசி மாதங்களில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள் அவள்தான். அக்கா தம்முடைய பெயரைச் சொல்லித்தான் அவளை அழைப்பார்கள். “இதோ வரேன் அத்தை” என்று அவளும் ஓடி வருவாள். அந்த வீட்டில் அப்பெயருக்குப் பதில் கிடைத்தது அப்போதுதான்.

கஞ்சி காய்ச்சி அனுப்பிய பக்கத்து வீட்டு பீபிக்கும், உடனிருந்த ஆஸ்பத்திரித் தோழிகளுக்கும், தோள் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும் நன்றி. அழுதுகொண்டு வந்த லில்லிகளே, உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. உங்களைப் பெற்றவர்கள்மேல்தான்.

மலரின் அட்டையில் ‘லில்லியம்மாள்’ என்று போட்டால்தான் நாலு பேருக்குத் தெரியும் என்றார் அண்ணன். முடியாது என்றேன். இன்று சாப்பிட உட்காருமுன் ஒவ்வொருவரும் அக்காவின் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். பந்தி வாசலில் நான்தான் நிற்பேன்.

எழிலி.