தர்சிகா எந்தப் பக்கம்?

நொண்டி வந்தவள்

தர்சிகா நொண்டிக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியே வந்தபோது, அவள் என்னிடம் வந்து சேருவதற்கு முன்பே பயிற்றுநர்கள் இருவரும் வந்துவிட்டார்கள். "என்ன, கிழிஞ்சு போச்சோ?" என்று இருவரும் ஒரே மூச்சில் கேட்டார்கள். நான் இன்னும் அவள் காலைத் தொடவே இல்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். பள்ளிப் பிள்ளையாக ஜெர்மனிக்கு வந்து, இங்கேயே அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முடித்து, பீலெஃபெல்டில் ஒரு சிகிச்சை நிலையத்தில் முதுகும் முழங்காலும் பார்த்தே தலை நரைத்துவிட்டது. சனிக்கிழமைகளில் மட்டும் ஒரு பல்கலைக்கழக மாணவிகள் அணிக்கு உதவி. அவர்கள் ஆடுவது அமெரிக்கன் ஃபுட்போல். தலைக்கவசம் போட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற விளையாட்டு.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு அணிக்குள்ளேயே இரண்டு கூட்டம் உண்டு. பந்து நம்மிடம் இருக்கும்போது ஆடுகிறவர்கள் ஒஃபென்ஸ். அது எதிரணியிடம் இருக்கும்போது இவர்கள் வெளியே போக, மறிப்பதற்கென்று வேறு பதினொரு பேர் இறங்குவார்கள். அவர்கள் டிஃபென்ஸ். தர்சிகா இரண்டிலும் ஆடினாள். ஒஃபென்ஸில் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் ரிசீவர். டிஃபென்ஸில் எதிரணி ரிசீவரைப் பின்தொடர்ந்து மறிப்பவள். இரண்டிலும் அவளுக்கு நிகராக அந்த அணியில் ஒருத்தியும் இல்லை.

மற்றவர்கள் இளைப்பாறும் நேரத்திலும் அவள் ஓடிக்கொண்டிருந்தாள். அதுதான் காலுக்கு வந்த வினை. தொடையின் பின்பக்கத் தசை, நாங்கள் ஹாம்ஸ்ட்ரிங் என்போம், இலேசாக இழுபட்டிருந்தது. கிழியவில்லை.

"கொஞ்ச நாள் ஓய்வு, பிறகு பயிற்சி. அதுக்குப் பிறகு விளையாடலாம்," என்றேன். "ஆனா இந்த சீசன் முடியும் வரைக்கும் ஒரு பக்கம் மட்டும்தான். ரெண்டு பக்கமும் ஏலாது."

தர்சிகா தலையாட்டினாள். பயிற்றுநர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது, இனிச் சிக்கல் காலில் இல்லை என்று.

ஒரு வீட்டில் இரண்டு கட்சி

ஒஃபென்ஸுக்குப் பயிற்றுநர் யென்ஸ். டிஃபென்ஸுக்கு சில்கே. இருவரும் கணவன் மனைவி. ஒரே காரில் வருவார்கள், மைதானத்தின் வாசலில் பிரிந்து ஆளுக்கொரு மூலைக்குப் போவார்கள், பயிற்சி முடிந்ததும் அதே காரில் வாக்குவாதம் செய்தபடி வீட்டுக்குப் போவார்கள். அவர்கள் ஜெர்மனில் பேசியதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். இல்லாவிட்டால் சில்கேயின் கோபம் சரியாக வராது.

அடுத்த வாரம் யென்ஸ் முதுகுவலி என்று டெர்மின் எடுத்து, அதாவது முன்கூட்டியே நேரம் பதிந்து, வந்தார். கையில் ஒரு அப்பிள் கேக். படுக்கையில் குப்புறப் படுத்தார். நான் முதுகெலும்பின் இரு பக்கமும் அழுத்திப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

"கலா, எங்கட பந்து எறியிற பிள்ளைக்கு நல்ல கை. ஆனா பிடிக்க ஆள் வேணுமே. தர்சிகா ஓடத் தொடங்கினா அவளுக்குப் பக்கத்திலை ஒருத்தரும் நிக்க ஏலாது. இப்பிடி ஒரு ரிசீவர் எனக்கு இனிக் கிடைக்க மாட்டாள்."

"எங்கை நோகுது, யென்ஸ்?"

"இப்ப பரவாயில்லை," என்று எழுந்து உட்கார்ந்தார். "கடைசி மட்ச் வெண்டா மேல் லீக்குக்குப் போவம். கோல் போடாமல் வெல்லுறது எப்பிடி?" அவர் உண்மையில் டச்டவுன் என்றுதான் சொன்னார். பந்தை எதிரணியின் கடைசிக் கட்டத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு அதுதான் பெயர்.

மறுநாள் சில்கே வந்தார். கால் பெருவிரலில் ஏதோ என்றார். மேசையில் மிச்சமிருந்த கேக்கில்தான் அவருடைய கண் போனது.

"யென்ஸ் வந்தவரோ?"

"ஆர் ஆர் வருகினம் எண்டு நான் வெளியிலை சொல்ல ஏலாது, சில்கே."

"உந்தக் கேக் நான் சுட்டது."

இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு அவர் பெருவிரலை மறந்து கதைக்கத் தொடங்கினார். "பந்து பிடிக்க ஆளைப் பழக்கி எடுக்கலாம். ஆனா இவளின்ர கண் இருக்கே, அதை ஆர் பழக்கிறது? எதிர் ஆள் திரும்ப முதலே இவள் அங்கை போய் நிக்கிறாள். என்ரை பத்து வருசத்திலை நான் இப்பிடி ஒருத்தியைக் காணேல்லை."

இருவரும் என்னிடம் எதிர்பார்த்தது ஒன்றுதான். எந்தப் பக்கம் காலுக்கு நல்லது என்று நான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் முடிந்தது. ரிசீவருக்கு எப்போது பாயப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரியும். மறிப்பவள் பின்னோக்கி ஓடிச் சட்டென்று திரும்ப வேண்டும். ஆனால் ரிசீவர் முழு வேகத்தில் ஓடும் தூரம் அதிகம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஹாம்ஸ்ட்ரிங்குக்கு இரண்டும் ஒன்றுதான், அதற்கேற்றபடி பயிற்சி கொடுத்தால். அதையே இருவரிடமும் சொன்னேன். இருவரும் ஏமாந்த முகத்தோடு போனார்கள்.

இரண்டு ஆட்டம்

கால் தேறியதும் தங்களுக்குள் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஒரு ஆட்டம் ஒஃபென்ஸில், அடுத்தது டிஃபென்ஸில். பார்த்துவிட்டு முடிவு செய்வது.

முதல் ஆட்டம் திருவிழாதான். தர்சிகா மூன்று டச்டவுன் போட்டாள். ஒன்றில் இரண்டு பேருக்கு நடுவில் எழும்பி ஒற்றைக் கையால் பந்தைப் பிடித்தாள். அணித்தோழி ஒருத்தி எடுத்த வீடியோ வாட்ஸப்பில் சுற்றி, பீலெஃபெல்டில் உள்ள தமிழ் வீடுகளை எல்லாம் எட்டி, அங்கிருந்து டொரொண்டோவுக்கும் போனது.

தர்சிகாவின் அம்மா விமலா ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்கிறார். மகள் இந்த விளையாட்டுக்குப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. பல்லு உடையும், ஆர் கலியாணம் கட்டுவினம் என்றெல்லாம் என்னிடமே சொல்லியிருக்கிறார். வீடியோ வந்த பிறகு எல்லாம் மாறியது. அடுத்த ஆட்டத்துக்கு வேலையில் லீவு கேட்டு வந்தார். ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ் சுட்டுக்கொண்டு வந்திருந்தார்.

அது டிஃபென்ஸ் ஆட்டம். அன்றைக்கு தர்சிகாவின் கையில் ஒரு தடவைகூடப் பந்து வரவில்லை.

"கலாக்கா, ஏன் இண்டைக்கு இவளுக்கு ஒருத்தரும் பந்து குடுக்கேல்லை?" என்று விமலா கேட்டார்.

"அது மற்றப் பக்கத்தின்ர பந்து, விமலா. இவள் அதை மறிக்கிறாள்."

"மறிச்சதைக் காணேல்லையே. சும்மா ஓடித் திரியிறாள்."

ஆட்டம் முடிந்ததும் யென்ஸ் ஒரு ரோல்ஸைக் கடித்தபடி மனைவியிடம் சொன்னார், "பாத்தியா, சில்கே? அவ்வளவு திறமையும் வீண். ஒண்டும் செய்ய அவளுக்கு இடம் வரேல்லை."

"அவள் நிண்ட பக்கம் அவை பந்தே எறியேல்லை," என்றார் சில்கே. "எறியப் பயந்தவை. மைதானத்திலை பாதியை அவள் தனிய மூடி வைச்சிருந்தவள். அதுதான் அவள் செய்தது."

இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது.

கேட்கப்படாத கேள்வி

திங்கட்கிழமை தர்சிகா சிகிச்சைக்கு வந்தாள். அவள் ஆசிரியப் படிப்புப் படிக்கிறாள், கணிதம். நிமிர்ந்து படுக்க வைத்து, காலைத் தூக்கி மெதுவாக நீட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த வேலையில் கைக்கு எவ்வளவு வேலையோ அவ்வளவு வேலை காதுக்கும் உண்டு. மூன்று டச்டவுன் போட்ட ஆட்டத்துக்குப் பிறகு வந்தபோது அவள் பரீட்சையைப் பற்றியும் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் ஒழுகுவதைப் பற்றியும்தான் கதைத்தாள். இன்றைக்கு ஆட்டத்தைப் பற்றிய கதை நிற்கவில்லை. "அன்ரி, எதிர் அணியிலை எறியிற பிள்ளை இடது பக்கம் எறிய முதல் தோளை ஒருக்கால் கீழை விடுவாள். ரெண்டாவது தரமே கண்டுபிடிச்சிட்டன். பிறகு வேணுமெண்டே பிந்தி ஓடினன், நான் கவனிக்கேல்லை எண்டு நினைக்கட்டும் எண்டு." கை இரண்டும் காற்றில் கோடு கீறிக்கொண்டிருந்தன. நான் நீட்டிய கால் நோகிறதா என்று கேட்டதுகூட அவளுக்குக் கேட்கவில்லை.

"தர்சிகா, உமக்கு எது விருப்பம்?" என்றேன்.

கை அப்படியே நின்றது. "அதை ஒருத்தரும் கேக்கேல்லை, அன்ரி."

"நான் கேக்கிறன்."

"டிஃபென்ஸ்." சொல்லிவிட்டு, பெரிய குற்றம் செய்ததுபோலச் சிரித்தாள். "ஒஃபென்ஸிலை எங்கை ஓடோணும், எத்தனையாவது அடியிலை திரும்போணும் எண்டு முதலே சொல்லிப்போடுவினம். நான் கெதியா ஓடுறன், பந்து வருது, பிடிக்கிறன். நல்லாத்தான் இருக்கு. ஆனா டிஃபென்ஸிலை விடை ஒருத்தருக்கும் தெரியாது. நான்தான் கண்டுபிடிக்கோணும்."

"பிறகென்ன? போய்ச் சொல்லுமன்."

"அம்மா?" என்றாள். "அவ இப்பதான் வரத் தொடங்கியிருக்கிறா. அந்த வீடியோவை வேலையிடத்திலை எல்லாருக்கும் காட்டினவவாம். மற்றது யென்ஸ். நான் பிடிக்காட்டி மேல் லீக் கனவு போயிடும் எண்டு நினைக்கிறார். எனக்கு விருப்பம் எண்டதுக்காக அதைக் கெடுக்கலாமோ?"

தசைக்குத்தான் எனக்கு விடை தெரியும். "அதை அவையிட்டையே கேளும்," என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த பயிற்சியின்போது அவள் இருவரையும் ஒன்றாக நிறுத்திச் சொன்னாள். நான் கொஞ்சம் தள்ளி நின்று டேப் சுற்றுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன். யென்ஸ் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். சில்கே வெற்றிச் சிரிப்புச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கணவரின் முதுகில் கையை வைத்தார்.

"நிச்சயமோ?" என்று யென்ஸ் கேட்டார்.

"ஓம்."

"அப்ப பந்து பிடிக்கிற ஆக்களுக்கு நீர் ஒண்டு செய்யோணும்," என்றார் அவர். "பயிற்சியிலை ஒவ்வொரு நாளும் அவைக்கு எதிரா நில்லும். உம்மைத் தாண்டிப் பிடிக்கப் பழகினா அவை ஆரையும் தாண்டிப் பிடிப்பினம்."

அப்படித்தான் நடந்தது. முதல் வாரம் அவளைத் தாண்டி ஒருத்தியாலும் பிடிக்க முடியவில்லை. பிறகு லேனா என்ற முதலாம் ஆண்டு மாணவி ஒரு பந்தைப் பிடித்தாள். அன்று யென்ஸ் மைதானத்தைச் சுற்றி ஒருமுறை ஓடினார். முதுகு நோகவில்லை.

ஆஹெனுக்கு எதிரே

கடைசி ஆட்டம் ஆஹெனிலிருந்து வந்த அணியோடு. வெல்பவர்கள் மேல் லீக்குக்குப் போவார்கள். விமலா எனக்குப் பக்கத்தில் நின்றார். இன்றைக்கும் மகள் மறிக்கிற பக்கம்தான் என்று தெரிந்தபோது அவர் முகம் கொஞ்சம் வாடியது. "அவளுக்கு விருப்பமெண்டால் சரி," என்றார். சொன்ன விதத்தில் சரி என்பது இல்லை.

லேனா இரண்டு டச்டவுன் போட்டாள். ஆஹென்காரர்களும் விடவில்லை. ஆட்டம் முடிய ஒரே ஒரு முயற்சி மிச்சம் இருந்தபோது நாங்கள் நான்கு புள்ளி முன்னால் நின்றோம். பந்து அவர்களிடம். ஒரு டச்டவுனுக்கு ஆறு புள்ளி, அதைப் போட்டால் அவர்கள் வென்றுவிடுவார்கள். வேறு வழி இல்லாமல் இம்முறை தர்சிகாவின் பக்கமே எறிந்தார்கள். அவர்களின் மிக உயரமான ரிசீவர் எங்கள் கடைசிக் கட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தாள். தர்சிகா அவளுக்கு ஒரு அடி பின்னால்.

பந்து மேலே போய், இறங்கத் தொடங்கியது. இருவரும் எழும்பினார்கள். தர்சிகாவின் கை உயர்ந்தது. பந்து அவள் விரலில் பட்டு, புல்லில் விழுந்து, உருண்டு, நின்றது.

மைதானமே கத்தியது. பிள்ளைகள் எல்லாரும் அவளை நோக்கி ஓடினார்கள். யென்ஸும் சில்கேயும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் விமலா மட்டும் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கைக்கு வந்த பந்தை விழுத்திப்போட்டாளே, அக்கா."

"விமலா, விழுத்தினதாலைதான் வெண்டிருக்கிறம். மற்றவள் பிடிச்சிருந்தா நாங்கள் தோல்வி. இவள் தட்டி விழுத்தினவள்."

"வேணுமெண்டோ?"

"வேணுமெண்டுதான்."

விமலா மகளைப் பார்த்தார். அவளை ஏழெட்டுப் பேர் தூக்கி வைத்திருந்தார்கள். அவர் முகத்தில் மெல்ல மெல்லச் சிரிப்பு விரிந்தது. உடனே கைப்பேசியை எடுத்து டொரொண்டோவில் இருக்கும் தங்கைக்கு அழைத்தார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். "இல்லையடி, பிடிக்கேல்லை. தட்டி விழுத்தினவள். என்ன, ஏனோ? அதுதானடி விளையாட்டு. நீ பாக்காட்டி உனக்கு விளங்காது."

இந்த வேலைக்கு வரப்போகிறவர்களுக்கு

எங்கள் தொழிலில் முதல் நாளே பழக்கிவிடுகிற கேள்வி, "எங்கே நோகிறது?" நானும் அதைத்தான் ஆயிரம் பேரிடம் கேட்டிருப்பேன். தர்சிகாவின் காலைப் பார்த்த பிறகு அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கிறேன். நோவு மாறின பிறகு என்ன செய்ய உங்களுக்கு விருப்பம்? அது தெரிந்தால்தான் எந்தப் பயிற்சியைக் கொடுப்பது என்று தெரியும். பலர் திகைத்துப் போவார்கள். யோசிக்க நேரம் கொடுங்கள். பதில் வரும்.

முழங்காலில் அறுவைச் சிகிச்சை முடிந்து வந்த ஒரு ஓய்வுபெற்ற தபால்காரி இதைக் கேட்டதும் கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார், "தோட்டத்து மரத்திலை ஏறி செர்ரி பறிக்கோணும். மகன் ஏற விடமாட்டான்." அன்றே பயிற்சித் திட்டத்தை மாற்றினேன். சமதரையில் நடக்க வைப்பதை நிறுத்தி, ஏணிப்படியில் தொடங்கினோம். கோடை வந்தபோது ஒரு வாளி நிறையச் செர்ரிப்பழத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கையெல்லாம் சிராய்ப்பு.