சுடாத துப்பாக்கிக்குக் காவல்

கண்காட்சியில் கடை போடுகிறவனுக்கு வாயும் ஓயாது, காலும் ஓயாது. வெள்ளைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் நாள் முழுக்க நின்ற புண்ணியவான்களே, உங்களுக்கு நான் விளக்கவா வேண்டும்?

எழுபதுகளின் கடைசியில், ஜவ்வாது மலையில் ஒரு கோடைக் கண்காட்சி. கண்ணமங்கலத்தில் துப்பாக்கி பழுது பார்த்துக்கொண்டிருந்த என்னைப் பிடித்து ஒரு பந்தலைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு பக்கம், குழல் வாய் வழியாக மருந்தும் ரவையும் போட்டுக் கெட்டிக்கிற பழைய நாட்டுத் துப்பாக்கிகள். மறுபக்கம், மலைக்காரர்கள் முடைந்த கூடை, முறம்.

ஒரே கேள்வி

வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "சுடுமா?" தொண்டை வறண்டுபோய், ‘சுடாது’ என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். திருப்பத்தூர்க்காரர் ஒருவர் அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, "சுடுமாங்க?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு, "சுடாதுங்க" என்றேன். அவர் துப்பாக்கிகளைச் சுற்றி நான் கட்டியிருந்த கயிற்றையும் சங்கிலியையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"சுடாத துப்பாக்கிக்கு இன்னாத்துக்குங்க இம்மாம் காவலு?"

கூடைக்காரி

நெல்லிவாசல்நாடு என்கிற மலைக்கிராமத்திலிருந்து வெள்ளச்சியம்மா நடந்தே வந்திருந்தார். அவர் முடைந்த கூடைகளும், இறந்துபோன கணவரின் துப்பாக்கியும் என் பந்தலில் இருந்தன. குழல் வாயைத் தேன்மெழுகால் அடைத்திருந்தார். மழை ஈரம் இறங்காமலிருக்க மலையில் அப்படி அடைப்பது வழக்கம்தான். ஆனால் அந்தம்மா கூடைப் பக்கமே போகவில்லை. துப்பாக்கிக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தார், சோறு தின்னக்கூட எழுந்திருக்கவில்லை. புருஷன் ஞாபகம் போலிருக்கிறது என்று எனக்கு மனசு இளகிவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"யம்மா, இங்கயே குந்தினுகீறியே, கூடைய எவனாவது தூக்கினு போய்டப் போறான்!" என்றேன்.

"போனா போவட்டும் தம்பி. கூடைய நாளைக்கே முடைஞ்சிக்கலாம்."

ஒரு குடம் தண்ணீர்

பெரிய அதிகாரி வருகிற அன்று காலையில், கான்ஸ்டபிள் ஒருவர் துப்பாக்கிகளைச் சோதிக்க வந்தார். வெள்ளச்சியம்மா குழாயடிக்குப் போயிருந்த நேரம். அந்தம்மாவின் துப்பாக்கியில் இருந்த மெழுகைக் கான்ஸ்டபிள் நோண்டி எடுத்துக் கம்பியை உள்ளே விட்டார். பாதியிலேயே நின்றுவிட்டது. "யோவ், மருந்து கெட்டிச்சி வச்சிகீதுயா!" என்று கத்தினார். பந்தலே காலியாகிவிட்டது. கரிமருந்தைச் செயலிழக்க வைக்கக் குழலில் தண்ணீர் ஊற்றுவதுதான் முறை. நானே குடத்தைத் தூக்கிச் சாய்க்கப் போனேன்.

"ஊத்தாதீங்க! ஐயா, ஊத்தாதீங்க!" வெள்ளச்சியம்மா ஓடி வந்து இரண்டு கையாலும் குழல் வாயைப் பொத்திக்கொண்டார். "மருந்து இல்லீங்க, வெத. அவரு கடைசியா காவல் காத்த கொல்லையில வெளைஞ்ச சாமைங்க. குதிருல இருந்ததை எலி தின்னுடுச்சி, மிச்சம் இவ்ளோதான். மழை வந்தா வெதைக்கணுங்க."

கான்ஸ்டபிள் நம்பவில்லை. துப்பாக்கியை மெல்லத் தலைகீழாகச் சாய்த்தார். சரசரவென்று சாமை கொட்டியது. அந்தம்மா முந்தானையை ஏந்தினார். என் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்? அதுவரை கத்திக்கொண்டிருந்த மனுஷன் குழலைத் தட்டித் தட்டிக் கொடுத்தார்.

"ஒண்ணுகூட சிந்தாம புடிங்கம்மா. எங்கூட்லயும் வெள்ளாமதான்."

மறுபடியும் மெழுகு

கண்காட்சி முடிந்தது. வெள்ளச்சியம்மா சாமையைப் பழையபடி குழலிலேயே போட ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "யம்மா, மூடி போட்ட தகர டப்பா ஒண்ணு வாங்கித் தர்றேன். அதுல வச்சிக்கயேன்" என்றேன்.

அவர் மெழுகை உள்ளங்கையில் உருட்டி, குழல் வாயில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி அடைத்தார். பிறகு துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தார்.

"டப்பா எதுக்கு தம்பி? அவருதான் இன்னும் காவல் காக்குறாரே."

அத்தனை பேர் "சுடுமா?" என்று கேட்டு என் உயிரை எடுத்தார்களே, ஒருத்தராவது "முளைக்குமா?" என்று கேட்டிருந்தால் அந்த அட்டையைக் கொஞ்சம் மாற்றி எழுதியிருப்பேன்.